ஆடிட்டர் டூ அடுப்பு... யார் இந்த ஜே.சி.குமரப்பா? விறகடுப்புக்கு எந்த அளவு புகைக்குழாய் சரி?

பாலக்கோடு பக்கம் கிராமங்களுக்குள் போனால் இதைப் பார்க்கலாம். சமையலறையில் கேஸ் அடுப்பு இருக்கும். பின்கட்டில், ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே விறகடுப்பும் இருக்கும். களி கிண்ட, வெந்நீர் வைக்க, விசேஷ நாளில் அண்டா ஏற்ற அதுதான் தோது. சிலிண்டர் தீர்ந்துபோன மாசக் கடைசியில் மொத்தச் சமையலும் அங்கேதான்.

அந்த அடுப்புக்கு ஒரு சிம்னி குழாய் வைக்கலாம்னு முடிவு பண்ணிக் கடைக்குப் போனால் முதல் கேள்வி: 3 இஞ்சா, 4 இஞ்சா? பெரும்பாலும் விலையைப் பார்த்துத்தான் பதில் வரும். வாங்கி வந்து நட்டுப் பற்ற வைத்தால் பாதிப் புகை குழாயில், மீதிப் புகை கண்ணில். ஒரு மாசத்தில் குழாயைப் பிடுங்கி ஓரமா வச்சிடுவாங்க. இதெல்லாம் சும்மா, நம்ம பழைய அடுப்பே தேவலைன்னு ஒரு பேச்சும் வரும்.

அடுப்புக்கும் குழாய்க்கும் பொருத்தம் பார்க்காததுதான் இங்கே பிரச்னை. சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அந்தப் புகையைத் தினமும் மணிக்கணக்கில் சுவாசிப்பது வீட்டுப் பெண்களும், இடுப்பில் இருக்கிற குழந்தையும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் குழந்தைகளின் நிமோனியாவுக்கும் விறகுப் புகை முக்கியக் காரணம் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம்.

இந்தியாவில் இந்தச் சமையலறைப் புகையை ஒரு பொருளாதாரப் பிரச்னையாகப் பார்த்த ஆரம்பகால ஆட்களில் ஒருவர் தமிழர். லண்டனில் படித்த கணக்காளர். தஞ்சாவூர்க்காரர். பெயர் ஜே.சி.குமரப்பா.

<b>கோட்டு சூட்டு கார்னேலியஸ்</b>

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கார்னேலியஸ். அப்பா பொதுப்பணித் துறையில் அதிகாரி. வீட்டில் ஆங்கிலேயப் பாணி, ஒழுங்கு, நேரம் தவறாமை எல்லாம் உண்டு. லண்டனுக்குப் போய்க் கணக்காளர் பயிற்சி முடித்தார். முதல் உலகப் போர்க் காலம் முழுக்க அங்கேதான். 1919-ல் திரும்பி வந்து பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். சொந்த நிறுவனம், நல்ல வருமானம், தைத்துப் போட்ட சூட்டு. பின்னாளில் கதர் கட்டிக் குடிசையில் வாழ்ந்த மனுஷன் இவர்தான்னு அந்தப் புகைப்படங்களைப் பார்த்தால் நம்ப முடியாது.

1927-ல் அமெரிக்கா போனார். முதலில் சிராக்யூஸ் பல்கலைக்கழகம், அப்புறம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் செய்தியாக வந்தது. அதைப் பார்த்தவர் அவருடைய பேராசிரியர் செலிக்மன். பொதுநிதித் துறையில் அன்றைக்குப் பெரிய பெயர். இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள் என்றார். தணிக்கையாளர் ஆச்சே, பிரிட்டிஷ் இந்தியாவின் வரவு செலவைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். வரியாக எவ்வளவு போகுது, மக்களுக்கு எவ்வளவு திரும்பி வருதுன்னு பார்த்ததும் அவருடைய பாதையே மாறிப்போச்சு.

1929-ல் ஊர் திரும்பினார். அந்த ஆய்வை வெளியிட வழி தேடி, மே மாதம் சபர்மதியில் காந்தியைப் பார்க்கப் போனார். சொன்ன நேரத்துக்கு முன்னாடியே போய்விட்டார். மரத்தடியில் சாணி மெழுகிய தரையில் ஒரு பெரியவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். அவரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அவர்தான் காந்தி. சூட்டு கசங்குமே என்று பார்க்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷமே கார்னேலியஸ் என்ற பெயரை விட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவே இல்லை.

<b>காந்திக்கே கணக்குப் பார்த்தவர்</b>

காந்தி கொடுத்த முதல் வேலை, குஜராத்தில் மாத்தர் வட்டத்தின் கிராமங்களைக் கணக்கெடுப்பது. குமரப்பாவுக்கு குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீடத்து ஆசிரியர்களையும் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒரு குடும்பம் என்ன சம்பாதிக்குது, என்ன சாப்பிடுது, எங்கே கடன் வாங்குது. இந்திய கிராமத்தை எண்களோடு பார்த்த ஆரம்பகால ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

1934 ஜனவரியில் பீகார் பூகம்பம். நிவாரண நிதியின் கணக்கு குமரப்பா கையில் வந்தது. தொண்டர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் சாப்பாட்டுச் செலவு என்று கறாராக வைத்திருந்தார். காந்தியும் அவர் குழுவும் வந்தபோது, அந்தச் செலவை நிவாரணப் பணத்தில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். காந்திக்கு அதில் கோபமே வரலை. அதே வருஷம் டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது, அதை நடத்தும் பொறுப்பை இவரிடம்தான் கொடுத்தார்.

சங்கம் இருந்த இடத்தின் பெயர் மகன்வாடி. நம்ம தமிழ் ‘மகன்’ இல்லை. காந்தியின் உறவினரும் சபர்மதி ஆசிரமத்தைக் கட்டி நடத்தியவருமான மகன்லால் காந்தியின் நினைவாக வைத்த பெயர். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், கையால் செய்யும் காகிதம், பனைவெல்லம் எல்லாவற்றையும் அங்கே செய்து பார்த்து, குறை கண்டு, திருத்தினார்கள். கரும்பு நல்ல நிலத்தையும் தண்ணீரையும் கேட்கும், பனை எதையும் கேட்காமல் தரிசில் நிற்கும், அதனால் வெல்லத்துக்குப் பனைதான் சரி என்பது குமரப்பாவின் வாதம். கரும்பும் கூட்டுறவு சர்க்கரை ஆலையும் அடையாளமாகிப் போன பாலக்கோட்டில் இருந்து இதைப் படிக்கும்போது கொஞ்சம் சுருக்குன்னுதான் இருக்கு.

வெள்ளையனே வெளியேறு போராட்டக் காலத்தில் ஜபல்பூர் சிறையில் இருந்தபடி நிலைத்த பொருளாதாரம் பற்றிய தன் முக்கியமான நூலை எழுதினார். அதில் ஒரு பிரிவினை வரும். நிலக்கரியும் பெட்ரோலும் தேக்கி வைத்த சொத்து மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும், அதற்காகச் சண்டை வரும். மரம், காற்று, ஓடும் தண்ணீர் அப்படி இல்லை, திரும்பத் திரும்பக் கிடைக்கும். அதனால் மண்ணெண்ணெய் விளக்குக்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்ற விளக்கை மகன்வாடியில் உருவாக்கினார்கள்.

விளக்குக்கு இப்படின்னா, அடுப்புக்கும் அதே கதைதானே? விறகுதான் சரியான எரிபொருள்னு சொல்லிட்டா, அந்த விறகு கக்குற புகைக்கு யார் பதில் சொல்றது?

<b>மகன் சுல்லா: கொடி அடுப்புக்கு ஒரு குழாய்</b>

அதற்கான பதில் 1947 வாக்கில் வந்த ‘மகன் சுல்லா’. சுல்லா என்றால் இந்தியில் அடுப்பு. நம்ம ஊர் ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். கொடி அடுப்பு தெரியும் இல்லையா? ஒரு வாயில் தீ வைத்தால், உள்ளே இருக்கிற சுரங்க வழியாகச் சூடு பக்கத்து அடுப்புக்கும் போகும். சோறு கொதிக்கும்போதே குழம்பு சுண்டும். அந்தச் சூடான காற்றைக் கடைசிப் பாத்திரத்துக்கு அப்புறம் வீட்டுக்குள் விடாமல், ஒரு குழாயில் ஏற்றிக் கூரைக்கு மேலே விட்டால் அதுதான் மகன் சுல்லாவின் அடிப்படை. மண்தான் கட்டுமானப் பொருள். தீ ஒன்று, பாத்திரம் ஒன்றுக்கு மேல்.

குமரப்பா பொறியாளர் இல்லை. அவர் வழிநடத்திய நிலையத்தில் இது உருவானது. ஆனால் இதில் ஒரு கணக்காளரின் பார்வை இருக்கு.

விறகு எரிவதையே ஒரு பேரேடு மாதிரி எழுதிப் பாருங்க. ஒரு கிலோ காய்ந்த விறகு முழுசா எரியக் குறைந்தது 6 கிலோ காற்று வேண்டும். ஆக வரவு 7 கிலோ. எரிந்து முடிந்ததும் மிஞ்சுவது கையளவு சாம்பல். அப்போ மீதி? கிட்டத்தட்ட 7 கிலோவும் வாயுவாகி வெளியே போகணும். உண்மையில் அடுப்பு இழுக்கும் காற்று இதைவிட அதிகம், அதனால் போக வேண்டியதும் அதிகம். இத்தனையும் அந்தக் குழாய் வழியாகப் போனால் கணக்கு நேர். போக இடம் போதவில்லை என்றால் அடுப்பு வாய் வழியாகத் திரும்பி வீட்டுக்குள் வரும். வேற வழியே கிடையாது.

<b>சரி, 3 இஞ்சா 4 இஞ்சா?</b>

ஒரு இஞ்சுதானே என்று நினைக்கிறோம். குழாயின் விட்டத்தைப் பார்க்கக் கூடாது, வாய்ப் பரப்பைப் பார்க்கணும். 3 இஞ்ச் குழாயின் வாய் சுமார் 7 சதுர அங்குலம். 4 இஞ்ச் குழாய்க்கு சுமார் 12.5. ஏறக்குறைய 1.8 மடங்கு. இரண்டு 3 இஞ்ச் குழாயைச் சேர்த்து நட்டால்தான் ஒரு 4 இஞ்ச் குழாய்க்கு ஈடாகும்.

அதோடு கரியையும் சேருங்க. 4 இஞ்ச் குழாய்க்குள் சுற்றிலும் அரை இஞ்ச் கரி படிந்தால் அது 3 இஞ்ச் குழாய் ஆகிவிடும். வழியில் 44 சதவீதம் காலி. முதலிலேயே 3 இஞ்ச் வாங்கியிருந்தால் அதே கரிக்கு அப்புறம் மிஞ்சுவது 2 இஞ்ச். புது அடுப்பு மூணு மாசம் நல்லா இருந்துச்சு, அப்புறம் புகையுதுன்னு சொல்றதுக்குப் பல இடங்களில் இதுதான் காரணம். வீட்டு அளவு இரண்டு பாத்திர அடுப்புக்கு இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், 4 இஞ்ச்தான்.

இன்னொரு தப்பும் நடக்குது. மேலே 4 இஞ்ச் குழாய் நட்டிருப்பாங்க. ஆனால் அடுப்புக்குள் புகை வெளியேறும் ஓட்டையை 2 இஞ்ச் அளவில் விட்டிருப்பாங்க. வழியில் எங்கே குறுகலோ, அதுதான் குழாயின் உண்மையான அளவு.

<b>அப்போ பெருசா போட்டுட்டா நல்லதுதானே?</b>

இல்லை. இங்கேதான் பல பேர் ஏமாறுவது.

புகை தானா மேலே ஏறுவதில்லை. குழாய்க்குள் இருக்கும் சூடான காற்று எடை குறைவு. வெளியே இருக்கும் குளிர்ந்த காற்று எடை அதிகம். அந்த வித்தியாசம்தான் புகையை மேலே தள்ளுது. குழாய் தேவைக்கு மேல் அகலமாக இருந்தால் வாயு மெதுவாக நகரும். மெதுவாகப் போனால் வழியிலேயே ஆறிவிடும். ஆறினால் இழுவை போச்சு. கூடவே அதில் இருக்கும் ஈரமும் தாரும் குழாய்ச் சுவரில் கீல் மாதிரி ஒட்டும். காய்ந்த பிறகு அது தீப்பிடிக்கக் கூடியது. ஈர விறகு போட்டால் இரட்டிப்புக் கேடு.

வெளிநாடுகளில் குளிருக்காக வீட்டுக்குள் வைக்கும் இரும்பு விறகடுப்புகளுக்கு இதில் தெளிவான விதி உண்டு. அடுப்பின் வாயைவிடக் குழாய் சிறியதாக இருக்கக் கூடாது. அதே சமயம் புகைபோக்கியின் பரப்பு அடுப்பு வாயைப் போல 3 மடங்கைத் தாண்டக் கூடாது. வீட்டுக்கு வெளியே குளிரில் நிற்கும் புகைபோக்கி என்றால் 2 மடங்குதான். 6 இஞ்ச் வாய் கொண்ட அடுப்புக்கு 8 இஞ்ச் புகைபோக்கி என்றால் 1.8 மடங்கு, பிரச்னை இல்லை. பழைய கட்டிடத்தில் 12 இஞ்ச் இருக்கே, அதிலேயே செருகிடலாம் என்றால் 4 மடங்கு, புகையும்.

இதை முதலில் முறையாகச் சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்காவில் பிறந்த கவுண்ட் ரம்ஃபோர்டு. 1790-களில் லண்டன் வீடுகளின் கணப்பு அடுப்புகள் புகைவதைப் பார்த்துவிட்டு, புகைபோக்கியின் தொண்டையை 4 அங்குலத்துக்குக் குறுக்கச் சொன்னார். குறுக்கினால் புகை நிற்குமா என்று ஊரே சந்தேகப்பட்டது. நின்றது. அவ்வளவு நாளும் அகலமான புகைபோக்கி அறையின் சூட்டையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருக்கிறது.

சமையல் அடுப்பிலும் அதேதான். இழுவை அதிகமானால் தீ பாத்திரத்துக்கு அடியில் நிற்காமல் குழாயைப் பார்த்து ஓடும். புகை இருக்காது, ஆனால் விறகு தின்னும். அதனால்தான் குழாயில் ஒரு தடுப்புத் தகடு வைப்பது. தீ பிடிக்கும்வரை திறந்து வைத்து, பிடித்தபின் பாதி மூடலாம். முழுசா மூடக் கூடாது, கனல் இருக்கும்வரை கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும்.

உயரம்? உயர்ந்தால் நல்லதுதான், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. உராய்வையும் சூடு இழப்பையும் விட்டுவிட்டுப் பார்த்தால், உயரத்தை இரட்டிப்பாக்கினால் ஓட்டம் 1.4 மடங்குதான் கூடும். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் 4 மடங்கு வழி. எனவே குறுகலான குழாயை நீட்டி நீட்டிச் சரிபண்ண முடியாது. ஆனால் கூரைக்குக் கீழேயே குழாயை முடித்துவிட்டால் காற்று அடிக்கும்போது புகை திரும்பி வரும். கூரையை விட்டு வெளியேறும் இடத்திலிருந்து 3 அடியாவது மேலே, 10 அடிக்குள் இருக்கும் எந்தக் கூரை முகட்டையும்விட 2 அடி உயரம் என்பது வெளிநாட்டு விதி. நம்ம ஊர்க் கொட்டகைக்கும் பொருந்தும். மழைக்கு மேலே தொப்பி வைப்பவர்கள், விட்டத்தில் பாதியாவது இடைவெளி விடணும். 4 இஞ்ச் குழாய் என்றால் 2 இஞ்ச். ஓலைக் கூரை என்றால் குழாய் ஓலையைத் தொடவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாயை அறுப்பதும் ஆபத்து, அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம்.

<b>குமரப்பாவுக்குப் பிறகு என்ன ஆச்சு?</b>

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து 1949-ல் அறிக்கை கொடுத்தார். பெரிய ஆலை, பெரிய திட்டம் என்று நாடு போன பாதை அவருக்கு ஒத்துவரவில்லை. 1950-களில் மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வந்து தங்கினார். தன் இருப்பிடத்தில் ஓர் ஏழைக் கிராமத்தானின் படத்தை வைத்திருந்தார். தன் தலைவர் காந்தி, காந்திக்குத் தலைவர் இவர் என்று வருபவர்களிடம் காட்டுவாராம். 1960 ஜனவரி 30-ல் சென்னையில் இறந்தார். காந்தி இறந்த அதே தேதி.

அடுப்பு வேலை அதற்குள் வேறு கைகளுக்குப் போயிருந்தது. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்.பி.ராஜு புகையில்லா சமையலறை பற்றி எழுதிய புத்தகம் 1953-ல் சென்னையில்தான் அச்சானது. 1980-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ‘அஸ்த்ரா ஒலெ’ என்ற மூன்று பாத்திர அடுப்பை உருவாக்கியது. ஒலெ என்றால் கன்னடத்தில் அடுப்பு. நம்ம ‘உலை’க்குச் சொந்தக்காரச் சொல். வீட்டில் கன்னடம் பேசுபவர்கள் பாலக்கோடு பக்கம் நிறைய உண்டு, அவங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

1983-ல் மத்திய அரசு தேசியத் திட்டமாகவே இதைத் தொடங்கி 2002 வரை நடத்தியது. 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள். எண்ணிக்கையைப் பார்த்தால் வெற்றி. ஆனால் பல இடங்களில் இலக்குக்காக அடுப்பைக் கட்டிவிட்டுப் போனார்கள். குழாய் அடைத்தது, மண் விரிந்தது, பெண்கள் இடித்துவிட்டுப் பழைய அடுப்புக்கே போனார்கள். ஒடிசாவில் எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் புகைக்குழாய் வைத்த அடுப்புகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருஷம் சுவாசிக்கும் புகை குறைந்தது. அப்புறம் அந்த வித்தியாசமே காணாமல் போனது. அடுப்பைச் சரியாகப் பயன்படுத்தவும் பராமரிக்கவும் ஆள் இல்லை. 2016-ல் இந்த ஆய்வு வெளியானது. அதே 2016-ல்தான் மத்திய அரசின் உஜ்வலா கேஸ் திட்டமும் வந்தது.

புகையைக் குறைத்ததில் குழாயைவிட கேஸ்தான் அதிகம் சாதித்திருக்கிறது. குமரப்பா இதற்குச் சம்மதித்திருப்பாரா? சந்தேகம்தான். கேஸ் அவர் கணக்கில் தேக்கி வைத்த சொத்து. ஆனால் ஒன்று, கேஸ் வந்தும் பின்கட்டு அடுப்பு அணையவில்லை. பொங்கல் நெருங்கும்போது வெல்லம் காய்ச்சும் கொப்பரைகளுக்குக் கீழே கரும்புச் சக்கைதான் எரியுது. அங்கேயும் இதே சிக்கல்தான், அளவுதான் பெருசு. ஒரே கொப்பரை வைத்த உலையில் பாதிச் சூடு புகைபோக்கியில் போகும். கொடி அடுப்பு மாதிரி அடுத்த கொப்பரைக்கு அந்தச் சூட்டைத் திருப்பினால் சக்கை மிச்சமாகும். ஆனால் வழி நீளும்போது இழுவை குறையும், அதற்கேற்ப புகைபோக்கியை உயர்த்தணும்.

<b>வீட்டில் உடனே பார்க்கக் கூடியது</b>

ஏற்கெனவே குழாய் இருந்தால் அளவுகோல்கூட வேண்டாம். தீ நன்றாகப் பிடித்து 10 நிமிஷம் ஆனதும், ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி விறகு போடும் வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்க. ஊதுபத்திப் புகை அடுப்புக்குள் போனால் பொருத்தம் சரி. உங்க பக்கம் வந்தால் குழாய் அடைச்சிருக்கு, இல்லை உள் ஓட்டை சின்னது, இல்லை குழாயே போதவில்லை. அந்த வரிசையிலேயே பாருங்க. முதலில் தீ அணைந்து குழாய் ஆறிய பிறகு, கயிற்றில் தேங்காய் நார்க் கொத்தைக் கட்டி மேலிருந்து விட்டு இழுத்தால் பாதிக் கரி வந்துவிடும். மண் அடுப்புக்கு மாசம் ஒரு முறை இது போதும். ஈர விறகு எரிக்கிற மழைக்காலத்தில் இரண்டு முறை.